நாற்பத்தொன்றாம் மேஜை

ஹெப் நகரத்துக்கு வெளியே, ஜெர்மன் எல்லைக்கு
இந்தப் பக்கம், ஜன்னல் இல்லாத கிடங்கு.
வேண்டாம் என்று அனுப்புவதெல்லாம் இங்கேதான் வரும்.
நான் பிரிப்பவள்.

பெட்டிக்குள் ஒரு சீட்டு. சீட்டில் கட்டங்கள்.
சின்னது. பெரியது. படத்தில் இருந்த நிறம் இது இல்லை.
கடைசிக் கட்டம்: காரணம் சொல்ல விருப்பமில்லை.
சட்டம் அந்தக் கடைசிக் கட்டத்தின் பக்கம்.
கைக்கு வந்ததிலிருந்து பதினான்கு நாள்.
வேண்டாம் என்று எழுதினால் போதும்,
ஏன் என்று கேட்க எவருக்கும் வாய் கிடையாது.

ஆனாலும் சொல்லாமல் இருக்க முடிவதில்லை ஜனங்களால்.
ரேகன்ஸ்பர்க்கில் ஒருத்தி
ஒரே கவுனை மூன்று அளவில் வாங்கி
மூன்றையும் திருப்பிவிட்டு ஓரத்தில் எழுதியிருந்தாள்,
"கவுன் மேல் குற்றமில்லை."

என் வேலை ஏன் என்பதல்ல. எவ்வளவு என்பது.
போட்டுப் பார்க்கலாம்,
போட்டுக்கொண்டு போகக் கூடாது.
கடையில் செய்வதை வீட்டில் செய்யலாம்,
அதற்கு மேல் தேய்ந்தால்
தேய்ந்த மட்டும் காசில் பிடிப்போம்.
அதனால் அக்குளை மோந்து பார்க்கிறேன்.
காலரைத் திருப்புகிறேன். பைக்குள் விரல் விடுகிறேன்:
நாடகச் சீட்டு, கொண்டை ஊசி,
ஒரு தடவை, பாதி கடித்த பிஸ்கட்.
பச்சைப் பொத்தான் என்றால் புதுசு போலவே.
மஞ்சள் என்றால் பணம் குறையும்.
சிவப்பு என்றால் வெண்டுலாவைக் கூப்பிடு.

செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால்
ஒரு பெட்டி. பழுப்பு நாடா, கோணல் மாணலாய் ஒட்டியது.
ஒட்டியவளை எனக்குத் தெரியும்.
சீட்டில் பெயர்: ட்ரஹோமீரா ஷிமாகோவா.
நான்தான்.

நாடு முழுக்கப் போன பெட்டிகளில்
இருநூறு மேஜைகளில்
என் பூட்ஸ் என்னிடமே வந்து நின்றது,
வீட்டுக்குப் பணம் கேட்டு வந்த பிள்ளை மாதிரி.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது கொருனா.
இதே மேஜையில் பன்னிரண்டு மணி நேரம் நின்ற கூலி.
இரவு பதினொன்றுக்குப் படுக்கையில் வாங்கினேன்,
போனின் வெளிச்சத்தில் எல்லாக் காலும் ஒல்லியாகத் தெரியும்.
இடது பெருவிரல் மூட்டு ஒத்துக்கொள்ளவில்லை.
பன்னிரண்டாம் நாள் எழுதினேன்.
திருப்பும் தபால் செலவு எண்பத்தொன்பது, என் கைக்காசு.
கட்டத்தில், காரணம் சொல்ல விருப்பமில்லை.

காரணம் இல்லாமல் இல்லை.
ஒரே ஒரு சாயங்காலம்
குப்பைப் பையோடு முற்றத்தில் இறங்கினேன்.
பனி. நாற்பது அடி போக, நாற்பது அடி வர.
அதற்கப்புறம் பழைய பல்துலக்கியும் வினிகரும் வைத்து
ஒரு மணி நேரம் உப்புக் கோட்டைத் துடைத்தேன்.

இப்போது அடியைத் திருப்பினேன், கை பழக்கம்.
குதிகால் பள்ளத்தில் ஒரு சரளைக்கல்.
இளஞ்சிவப்பு. எங்கள் குடியிருப்பில்
வழுக்காமல் இருக்கத் தூவுவது இந்த ஜாதிக் கல்தான்.
துடைத்தவளுக்குத் தெரியாதது
பிரித்தவளுக்குத் தெரிந்துவிட்டது.

கடையிலும் நடந்துதானே பார்ப்பார்கள் என்றேன்.
கடையில் குப்பைத்தொட்டி இருக்குமா என்றேன்.
இரண்டு பேரும் நானே, இரண்டு பேரும் முணுமுணுத்தோம்.
பக்கத்து மேஜை லியூபா தலை நிமிர்ந்து பார்த்தாள்.

கல்லை நகத்தால் நெம்பி எடுத்து
ஏப்ரன் பைக்குள் போட்டேன்.
பச்சை.

அதோடு முடிந்திருக்கலாம்.
ஆனால் அடுத்த பெட்டியில்
பாஸாவ் ஊர்க்காரர் ஒருவரின் கறுப்பு ஷூ,
நுனியில் புல் பச்சை. எந்த முகத்தோடு மஞ்சளை அழுத்த?
பச்சை. வாசனை திரவியம் மணக்கும் கம்பளிச் சட்டை,
பச்சை. மெழுகு சொட்டிய கைப்பகுதி
நகத்தால் சுரண்டினால் போகிறது, போயிற்று, பச்சை.
ஒரு கல்யாண கோட்டின் பையில் அரிசி மணிகள்,
அதைக் கொட்டிவிட்டு
கொஞ்சம் யோசித்துவிட்டு
பச்சை.

ஷிப்ட் முடியும்போது வெண்டுலா
திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
மறுபடி திரையைப் பார்த்தாள்.
"உன் மேஜைக்கு வந்தவர்களில் இன்று
ஒருவர்கூட வாசற்படி தாண்டவில்லையா?"

குளிர் என்றேன்.
பையில் கல்லை உருட்டிக்கொண்டே
பழைய செருப்பு நனைய
பஸ் நிறுத்தம் வரை நடந்தேன்.